போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அது ஓடாமல் போனாலும் திட்டாதீர்கள். "ஏன் ஓடவில்லை, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

என்னிடம் படித்த ஒருவரின் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தாத்தாவின் பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டருக்கு, சேர்த்து வைத்த காசில் ஒரு கோர் 2 டூயோ இ6300 பிராசசர் வாங்கி மாட்டியிருக்கிறான். ஃபேன் சுற்றியது, டிஸ்ப்ளே வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்களாம். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டான் சார்" என்று அப்பா என்னிடம் புலம்பினார். பையன் அதன் பிறகு ஸ்க்ரூ டிரைவரையே தொடவில்லை. எனக்கு வருத்தம் கம்ப்யூட்டருக்காக அல்ல, இதற்காகத்தான்.

பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. இரண்டு பிராசசரும் எல்ஜிஏ 775 என்ற ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் அந்த மதர்போர்டின் 945 சிப்செட் 2005இல் வந்தது. கோர் 2 டூயோ வந்தது 2006 ஜூலையில். பிறக்காத பிள்ளையை அந்தப் போர்டுக்கு எப்படி அடையாளம் தெரியும்? சில போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்தால் போதும். ஆரம்ப காலத்துப் போர்டுகள் சிலவற்றில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியே இதற்கு ஏற்றதல்ல. அங்கே என்ன செய்தாலும் பயனில்லை.

எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் இயற்பியல் ஆய்வகத்தின் விதிதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பையனிடம் போனில் அதைத்தான் சொன்னேன்.

முதலில் பழைய பிராசசரையே திரும்ப மாட்டச் சொன்னேன். ஓடியது! ஆக போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் எல்லாமே நலம். கடைக்காரர் தீர்ப்பு அரை மணி நேரத்தில் ரத்து.

அடுத்து, புதியதை மீண்டும் வைக்கும் முன் டார்ச் அடித்துச் சாக்கெட்டைப் பார்க்கச் சொன்னேன். இந்த வகையில் பின்கள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் தொல்லை. வளையவில்லை. பிராசசருக்கென்று தனியாக வரும் 4 பின் பவர் ஒயர் சரியாகச் சொருகியிருந்தது. அதை மறந்தாலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. கரன்ட்டைத் துண்டித்து, போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் கழித்து மாட்டினான். பலனில்லை.

பிறகு ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்யச் சொன்னேன். பழைய பிராசசரோடு ரேம் இல்லாமல் ஆன் செய்தபோது ஸ்பீக்கர் பீப் பீப் என்று கத்தியது. புதியதோடு சத்தமே இல்லை. அதாவது புதிய பிராசசர் பயாஸ் தரும் முதல் வேலையைக்கூடத் தொடங்கவில்லை.

போர்டு தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்த்தான். இ6300 அதில் இருந்தது, ஆனால் அவனிடம் இருந்ததைவிடப் பிந்தைய பயாஸ் வேண்டும் என்று போட்டிருந்தது. பழைய பிராசசரை மாட்டி, யுபிஎஸ்ஸில் இணைத்து, பயாஸைப் புதுப்பித்தான். நடுவில் கரன்ட் போனால் அப்போது போர்டு உண்மையிலேயே போய்விடும். அதன்பின் புதியதை வைத்தான். டிஸ்ப்ளே வந்தது. அப்போதும் வராமல் இருந்திருந்தால், பிராசசர் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

"பழையது 3 கிகாஹெர்ட்ஸ், இது 1.86 தானே, குறைச்சலாச்சே?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. கிகாஹெர்ட்ஸ் என்பது கடிகாரத் துடிப்பு மட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் இது அதிக வேலை செய்கிறது. உள்ளே கோர்களும் இரண்டு.

"இந்தக் காலத்தில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று சிலர் கேட்பீர்கள். வேகம் மட்டும் வேண்டுமென்றால் ரேமைக் கூட்டி எஸ்எஸ்டி போடுவதில்தான் அதிகப் பலன். 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுபோன விண்டோஸ் எக்ஸ்பி வைத்த கம்ப்யூட்டரில் வங்கி வேலை செய்யவே கூடாது. அதெல்லாம் உண்மை. ஆனால் "போச்சு" என்று ஒருவர் சொன்னதை நம்பாமல், படிப்படியாகச் சோதித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? நாளை அவன் மருத்துவரானாலும் மெக்கானிக்கானாலும் அதே பழக்கம்தான் கை கொடுக்கும்.

பரணில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். மற்றதெல்லாம் அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். சந்தேகம் வந்தால் கமெண்டில் கேட்கச் சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.