நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நெடுநாள் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "சார், பையன் பி.காம். முடித்துவிட்டான். ஆறு மாத டேட்டா சயின்ஸ் வகுப்பாம். மூன்று லட்சம் கேட்கிறார்கள். முடித்ததும் வேலை நிச்சயம் என்கிறார்கள். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?" என்று கேட்டார். பெங்களூரில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இதே கேள்வி இருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலைக்குத் தேவை இருப்பது உண்மைதான். வங்கி, மருத்துவமனை, ஆலை என எங்கும் நாள்தோறும் குவியும் விவரங்களை ஆராய்ந்து, நாளை என்ன நடக்கக்கூடும் என்று சொல்பவரே டேட்டா சயின்டிஸ்ட். அமெரிக்காவில் 2023 முதல் 2033 வரை இந்த வேலைகள் 36 விழுக்காடு பெருகும் என்று அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணித்தது. ஆனால் 2022, 2023 ஆண்டுகளில் உலகின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளே ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியதையும் பார்த்தோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் சிறு புரோகிராம்களை இயந்திரமே எழுதித் தருகிறது. நாலு கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு வேலை தேடுபவருக்கு இனி இடம் குறையும் என்பதே என் கருத்து.

அப்படியானால் நிலைப்பது எது? முதலாவது, புள்ளியியல். கர்நாடகத்து ஹூவின ஹடகலியில் 1920-இல் பிறந்த சி. ஆர். ராவ், ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு 1945-இல் ஓர் எல்லை வகுத்தார். அந்தக் கட்டுரைக்காக 2023-இல், 102-ஆவது வயதில், புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு பெற்றார். கம்ப்யூட்டர் மொழிகள் எத்தனையோ வந்து போயின. அவர் வகுத்த எல்லை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

இரண்டாவது, எண் பிறக்கும் தொழிலைப் பற்றிய அறிவு. தண்டவாளத்தின் சூட்டை அளந்து எழுதுவது எங்கள் வேலைகளில் ஒன்று. வெயிலில் தண்டவாளம் காற்றைவிட அதிகமாகச் சூடேறும். காலையில் ஓர் அளவு, பிற்பகலில் வேறு அளவு. எந்த நேரத்தில் அளந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. இதைக் கம்ப்யூட்டர் தானாகக் கேட்காது. தொழில் தெரிந்தவன்தான் கேட்பான். அதேபோல, கணக்கு வழக்கு தெரிந்த பி.காம். பையனின் படிப்பு வீண் அல்ல, அதுவே அவன் முதல்.

சரி, எங்கே படிப்பது? சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இப்போது நான்காண்டு பி.எஸ். பட்டமாக நடக்கிறது. ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும், பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். மூன்றாண்டு டிப்ளமோக்காரர்களும் சேரலாம் என்று அறிந்தபோது, டிப்ளமோவோடு ரயில்வேயில் நுழைந்த எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. விண்ணப்பக் கட்டணம் கட்டினால் நான்கு வாரப் பாடம். பிறகு தகுதித் தேர்வு. பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். இடையில் நிறுத்தினாலும், முடித்த கட்டத்துக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கணிதத்தில் வல்ல பிள்ளைகளுக்கு நம் மைசூர் ரோட்டிலேயே இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. அது 2024-இல் தரவு அறிவியலுக்கென ஓர் இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது.

ஆறு மாத வகுப்புகள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படை உள்ளவனுக்கு அவை உதவலாம். ஆனால் வேலை நிச்சயம் என்பவரிடம், சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு எங்கே வேலை கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். விவரங்களை ஆராயக் கற்றுத்தரும் இடம், தன் விவரத்தைத் தரத் தயங்கினால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

நண்பரிடம் முடிவாகச் சொன்னது இதுதான்: "அந்த நான்கு வாரப் பாடத்தைப் பையன் முதலில் படித்துப் பார்க்கட்டும். பிடிக்கிறதா, வருகிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்."