வயிறு யாருடையது?

பெருங்குடல் புற்றுநோய் என்றதும் பிள்ளைகளை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். என் நண்பருக்கு மயக்கம் தெளிந்த பிறகுதான் வயிற்றில் மலப்பை இருப்பதே தெரிந்தது. இரண்டு நாள் மனிதர் யாரோடும் பேசவில்லை. இதற்குப் பெயர் கருணையாம்! அவமரியாதை என்பேன் நான்.

கையெழுத்துப் போடுமுன் நீங்களே கேளுங்கள்: பை வருமா, தற்காலிகமா, நிரந்தரமா? (தையல் ஆறும்வரை வைத்துப் பிறகு எடுத்துவிடுவதும் உண்டு.) ஆபரேஷனுக்குப் பின் வரும் பயாப்ஸி அறிக்கையையும் விடாதீர்கள். எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பரிசோதித்தார்கள் என்று அதில் இருக்கும்; குறைந்தது 12 என்பது பொதுக் கணக்கு. கீமோ தேவையா என்று தீர்மானிக்க அது வேண்டும்.

"பெரியவருக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்பார்கள். பென்ஷனில் எட்டு ரூபாய் குறைந்தாலே கருவூலம்வரை போய்க் கேட்கிறவர்கள் நாம். குடலை வெட்டினால் கேட்க மாட்டோமா?