கற்பனை இருவகை

கற்பனை என்னுஞ் சொல் தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கிற் கடவுளிட்ட கட்டளையைக் குறிக்கும். மோசேக்கு அருளப்பட்டனவாகக் கூறப்படுங் கட்டளைகளை அவர் பத்துக் கற்பனை என்பர். அச்சொல்லே ஏனையோர் வழக்கில் மாந்தர் தம் மனத்தாற் படைத்துக்கொண்டதனைக் குறிக்கும். இவ்விரு பொருளுக்கும் இடையிலே கிறிஸ்து சமயத்தாருள் ஏறத்தாழ ஐந்நூறாண்டாக ஒரு பெருவழக்கு நிகழ்ந்து வருகின்றது. கடவுளை வழிபடும் முறை முற்றும் வேதத்தால் விதிக்கப்பட்டதாதல் வேண்டுமோ, மாந்தர் வகுத்தனவும் அதன்கட் சேரலாமோ என்பதே அவ்வழக்கு.

இதனைச் சைவர் ஆராய்வதனாற் பயன் யாதோ எனின், கூறுதும் என்னாது நிகழ்ந்ததே விடையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாதிரிமார் சைவர்தம் தூபம், தீபம், நைவேத்தியம், திருவிழா என்பனவற்றை மனிதக் கட்டு என்று பழித்தனர். ஆறுமுக நாவலர் 1854-ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டு, அத்தகைய கிரியைகள் விவிலிய நூலினும் விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டினர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து அந்நூலின் மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவராதலின், அவருக்கு அஃது அரிதன்று. அதனைச் சார்ந்தெழும் வினா ஒன்றுண்டு. வேதம் விதியாதது வழிபாடாகாது என்னுங் கோலை எடுத்தவர், அக்கோலாலே தம்மை அளந்து நிலைபெற்றனரா என்பது அது.

அவர்தம் வேதத்தின் முதலைந்து நூல்களும் தமிழில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என வழங்கும். ஆகமம் என்னும் பெயர் அவற்றின் கிரியைப் பகுதிகளுக்கு நன்கு பொருந்துவதே. ஆசரிப்புக் கூடாரத்தின் நீள அகலம், விளக்கிற்குரிய எண்ணெய், தூபத்திற் கூட்டும் பொருள்கள், ஆசாரியன் உடுக்கும் உடை, காலையும் மாலையும் இடும் பலி ஆகிய யாவும் அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன. விதியாத நெருப்பைத் தூபகலசத்திலிட்டுக் கொண்டுசென்ற ஆரோன் புதல்வராகிய நாதாபும் அபியூவும் எரிந்து மாண்டனர் என்று லேவியராகமம் பத்தாம் அதிகாரங் கூறும். யெரொபெயாம் என்னும் அரசன் தன் மனத்தில் நினைத்ததொரு மாதத்திலே திருவிழா ஏற்படுத்தியமை இராஜாக்களின் முதற் புத்தகத்திலே குற்றமாக உரைக்கப்படும்.

பதினாறாம் நூற்றாண்டிற் போப்பரசர் ஆணையினின்றும் பிரிந்தோர் இக்கதைகளைத் தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். ஆயினும் அவர் ஒருநெறிப்பட்டாரல்லர். வேதம் விலக்காதன இருக்கலாம் என்பது லூதர் வழியினர் கொள்கை. வேதம் விதியாதன யாவும் ஒழிதல் வேண்டும் என்பது சுவிங்கிலி, கல்வின் என்பார் வழியினர் கொள்கை. 1646-ஆம் ஆண்டில் முடிவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இருபத்தோராம் அதிகாரத்தில், இவ்விரண்டாங் கொள்கையையே சட்டமாக வகுத்தது.

இக்கோல் முதன்முதல் வீழ்ந்த இடங்களுள் ஒன்று சுவிட்சர்லாந்திலுள்ள சூரிக் நகரம். அங்கே 1524-இல் உருவங்கள் கோயில்களினின்றும் அகற்றப்பட்டன. 1525-இல் மீசைப்பலி ஒழிக்கப்பட்டது. 1527-இற் பெருங்கோயிலின் ஆர்கன் இசைக்கருவி தகர்க்கப்பட்டது. சுவிங்கிலி இசைவல்லவர். தமக்கு இனிதாயதனையும் வேதவிதி இன்மையால் விலக்கினராதலின், அவர் மனநேர்மையை ஐயுறவேண்டுவதில்லை. ஆனால் அந்நகரத்திலேயே வேறு சிலர் அவர் கொள்கையை அவர்க்கே எடுத்துக் காட்டினர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானஞ் செய்க என்னும் விதி புதிய ஏற்பாட்டில் யாண்டுளது என்பது அவர் கடா. அதற்கு நேரான வாக்கியம் ஒன்று காட்டப்பட்டதில்லை. ஒப்புமையாற் பெறப்படும் அனுமானமே காட்டப்பட்டது. கடாவியவருள் ஒருவராகிய பெலிக்ஸ் மான்ஸ் என்பவர் 1527-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நகரசபையின் தீர்ப்புப்படி, லிம்மத் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். விதியில்லை என்று ஆர்கனை உடைத்த நகரம், விதி எங்கே என்று வினாவிய மனிதனையும் அவ்வாண்டிலேயே கொன்றது. கோல் வேதத்தின் கையிலிருந்ததா, கோலைப் பிடித்தவர் கையிலிருந்ததா என்பதனை இவ்வொன்றே புலப்படுத்தும்.

இனித் திருவிழாவை நோக்குக. இயேசு பிறந்த நாள் இன்னதென்று சுவிசேஷங்கள் நான்கனுள் ஒன்றும் கூறவில்லை. டிசம்பர் 25 என்பது 354-ஆம் ஆண்டைச் சார்ந்த உரோமைப் பஞ்சாங்கத்திற் காணப்படுவது. இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1647-இல் அவ்விழாவை விலக்கிற்று. 1660-இல் அரசர் மீண்டபின் அது மீண்டது. அமெரிக்காவிலே மாசச்சூசெட்ஸ் நாட்டார் 1659-இல் அதனைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்து, 1681-இல் அச்சட்டத்தை எடுத்துவிட்டனர். அந்நாட்டுப் பாஸ்டன் நகரிலிருந்த சங்கத்தாரே 1816 முதல் யாழ்ப்பாணத்துக்குப் பாதிரிமாரை அனுப்பியவர். ஸ்காட்லாந்திலோ கிறிஸ்து பிறந்தநாள் 1958-ஆம் ஆண்டிலேதான் பொது விடுமுறையாயிற்று. விலக்கிய காலத்தும் வேதம் அதுவே; கொண்ட காலத்தும் வேதம் அதுவே. மாறியது யாது? மாந்தர் மனமே.

பாட்டின் வரலாறும் இத்தன்மைத்தே. கல்வின் வழியினர் தாவீதின் சங்கீதங்களையே பாடினர், இசைக்கருவி தொட்டிலர். வீணையாலும் கைத்தாளத்தாலும் துதிக்க ஏவுஞ் சங்கீதத்தையும் அவையின்றியே பாடினர். ஸ்காட்லாந்துச் சுயாதீன சபையார் நெடுங்காலம் இவ்வழக்கைக் காத்து, 2010-ஆம் ஆண்டு நவம்பரிற் கூடிய பேரவையிலே புதிய பாட்டையும் இசைக்கருவியையும் சபைகள் விரும்பிற் கொள்ளலாம் என்று முடிவு செய்தனர். சார்ந்தவர் 98 பேர், எதிர்த்தவர் 84 பேர். கடவுள் விதித்ததா, விதியாததா என்பது பதினான்கு வாக்கினால் தீர்ந்தது.

விதியாதன புகுந்தவாறு இது. விதித்தன ஒழிந்தவாறும் உண்டு. இயேசு சீடர்தம் கால்களைக் கழுவி, அவரும் ஒருவர்க்கொருவர் அங்ஙனஞ் செய்யுமாறு பணித்தனர் என்று யோவான் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரங் கூறும். பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் அது நியமமாக நடைபெறுவதில்லை. ஓய்வுநாள் ஏழாம்நாள் என்பது கற்பனை பத்தனுள் ஒன்று. அதனை முதனாளுக்கு மாற்றுக என்னும் ஏவல் வாக்கியம் புதிய ஏற்பாட்டில் இல்லை.

அற்றன்று, கூடாரமும் பலியும் கிறிஸ்துவிலே நிறைவேறி ஒழிந்தன, ஆதலிற் பழைய விதிகள் இப்பொழுது கட்டா எனின், அங்ஙனமாயின் நாதாப் அபியூ கதையைக் காட்டிப் பிறரை அச்சுறுத்தல் யாங்ஙனம்? விதிநூலை ஒழித்துவிட்டு, அதனை மீறினார்க்குரிய தண்டத்தைமட்டும் வைத்துக்கொள்ளல் நியாயமன்று. அற்றேல், வழிபாட்டின் உறுப்பு வேறு, அதன் சூழல் வேறு. சூழலை அறிவால் அமைத்துக்கொள்ளலாம் எனின், எது உறுப்பு, எது சூழல் என்று பகுத்தவர் யார்? ஆர்கன் ஒருகால் உறுப்பென்று உடைக்கப்பட்டது. பின்னொருகாற் சூழலென்று வைக்கப்பட்டது. பகுப்பும் மாந்தருடையதே.

உரோமை சபையார் நிலை வேறு. எழுதப்பட்ட வேதத்தோடு எழுதப்படாத பரம்பரையும் ஒப்பப் போற்றத்தக்கது என்று அவர் 1546-இல் திரெந்து நகரப் பேரவையிலே வெளிப்படக் கூறினர். அவர்பால் இக்குற்றஞ் சாராது. ஆயினும் பரம்பரையைக் கொண்டவர், பிறர் பரம்பரையைப் பரம்பரை என்பதுபற்றியே பழிக்க உரிமையிலர்.

ஆகவே துணிபு இது. விதியாதது செய்யற்க என்னுங் கொள்கை இழிந்ததன்று, உயர்ந்ததே. ஆனால் கிரியையை அங்கம் அங்கமாக விதிக்கும் நூலையுடையாரே அதனைத் தாங்க வல்லர். அந்நூலை ஒழித்தபின்னும் கொள்கையை விடாதவர், ஒன்று வழிபாட்டை வெறுஞ்சுவராக்குவர், அன்றித் தாம் வகுத்ததனை விதியென்பர். இரண்டும் நிகழ்ந்தமையே மேற்காட்டிய வரலாறு.

இதுகண்டு சைவர் நகைத்தலும் ஆகாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்பாதம் வகுத்த ஆகமங்கள் இருபத்தெட்டும் தமக்குண்டென்று கூறுதல் எளிது. தம் ஆலயத்திலும் இல்லத்திலும் நிகழும் பூசை அவற்றின்படி நிகழ்கின்றதா என்று அளந்து பார்த்தல் அரிது. பிறரை அளக்க எடுத்த கோல் தம்மையும் அளக்கும். அதற்கு அஞ்சாது நிற்பவனே விதிவழி நிற்போன் எனப்படுவான்.