பாலைவனத்து ஏரியும் படகு விடும் ஆசையும்

லாஸ் வேகஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சூதாட்ட விடுதிகள்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் லீவு விட்டால் போகிற இடம் வேறு. ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கார் ஓட்டினால் லேக் மீட் வந்துவிடும். சுற்றிலும் மொட்டை மலைகள், நடுவில் நீல நிறத் தண்ணீர். தூண்டில் போடலாம், படகு ஓட்டலாம், இரவில் கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கலாம். கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா?

ஆனால் பேரில்தான் "லேக்". உண்மையில் இது ஏரியே அல்ல. கொலராடோ ஆற்றை மறித்து 1935-ல் கட்டி முடித்த 726 அடி உயர ஹூவர் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர். அணை கட்ட அனுமதித்த 1928-ம் வருடச் சட்டம், அது எதற்காக என்று வரிசை போட்டே சொல்கிறது. முதலில் ஆற்றை ஒழுங்குபடுத்துவது, வெள்ளத்தைத் தடுப்பது. அடுத்து பாசனமும் குடிநீரும். கடைசியாக மின்சாரம். மீன் பிடிப்பதும் படகு விடுவதும் அந்த வரிசையிலேயே கிடையாது. 1964-ல் இந்த இடம் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி என்று தனிச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனாலும் தண்ணீரை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைப் படகுக்காரர்களைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை.

தண்ணீர் நிறைய இருந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. 2000-ம் ஆண்டில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 1,200 அடிக்கு மேல் இருந்தது. 2022 ஜூலையில் அது சுமார் 1,040 அடிக்கு இறங்கிவிட்டது. அணை முதன்முதலில் நிரம்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை. தண்ணீர் விலகிய பாறைகளில் சுண்ணாம்பு படிந்து, குளியல் தொட்டியில் கறை பிடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. 1938-ல் மூழ்கிப்போன செயின்ட் தாமஸ் என்ற ஊரின் அடித்தளங்கள் மறுபடி வெளியே வந்தன. படகை டிரெய்லரிலிருந்து தண்ணீரில் இறக்க அங்கங்கே கான்கிரீட் சரிவுகள் உண்டு. 2022 கோடையில் அவற்றில் ஹெமன்வே துறைமுகத்தில் இருந்தது மட்டும்தான் பயன்பட்டது. மற்றவை மண்ணிலேயே முடிந்து நின்றன.

இதற்கு இரண்டு வகையாகப் பதில் சொல்கிறார்கள். ஒரு கூட்டம், "குடிக்கத் தண்ணீர் இல்லை, இதில் படகு எதற்கு?" என்கிறது. இது கோபத்தில் பேசும் பேச்சு. படகு தண்ணீரைக் குடிப்பதில்லை. அணைக்குக் கீழே உள்ள மூன்று மாநிலங்களில் கலிபோர்னியாவின் பங்கு வருடத்துக்கு 44 லட்சம் ஏக்கர்-அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம். (ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர்-அடி.) ஆற்று நீரில் பெரும்பகுதி வயலுக்கும் மாட்டுத் தீவனப் பயிருக்கும் போகிறது. போதாததற்கு, 1922-ல் ஏழு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டபோது நல்ல மழை பெய்த வருடங்களின் கணக்கை வைத்துக்கொண்டு ஆற்றில் இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டார்கள். தூண்டில்காரர் மேல் பழி போட்டு என்ன பயன்?

இன்னொரு கூட்டம், "தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் சரி, சரிவை நீட்டிக் கொடுங்கள்" என்கிறது. இதற்காக 2010-லிருந்து தேசியப் பூங்காத் துறை 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. கான்கிரீட் போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. ஓடிப்போகிற தண்ணீரை இப்படி எத்தனை நாள் துரத்துவது?

நியாயமான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய மோட்டார் படகுகளுக்கு எது ஆழமான இடமோ அங்கே ஒன்றிரண்டு சரிவுகள் போதும். மற்ற கரைகளைக் கையால் தூக்கிச் சென்று இறக்கும் சிறு படகுகளுக்கும், கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்கும், கூடாரம் அடிப்பவர்களுக்கும் விட்டுவிடலாம். தண்ணீர் இருபது அடி இறங்கினாலும் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடந்தால் போதும். பெரிய படகு வைத்திருப்பவர்களுக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். வாடகைப் படகு, படகுத்துறை என்று பிழைப்பவர்களுக்கு நஷ்டமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வருடமும் நம்பிக்கை கொடுத்து ஏமாற்றுவதைவிட இது மேல்.

மக்களை அங்கே வரவேண்டாம் என்று சொல்வதுதான் பெரிய தவறு. குழாயைத் திறப்பவருக்கு ஆறு தெரியாது. தட்டில் இருக்கும் கீரைக்கு எந்த ஆற்றுத் தண்ணீர் பாய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் தூண்டில் போட்ட பாறை இந்த வருடம் தலைக்கு மேலே காய்ந்து கிடப்பதைப் பார்ப்பவருக்கு எந்த அறிக்கையும் தேவையில்லை. தண்ணீரைப் பற்றி ஓட்டுப் போட வேண்டிய நாள் வந்தால் அவர்தான் விவரத்தோடு போடுவார்.

போகிறவர்களுக்கும் கடமை உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். காற்று திடீரென்று கிளம்பும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீர் குறைந்த காலத்தில் புதுப் புதுப் பாறைகள் தலை காட்டும். 2007-ல் குவாக்கா என்ற சிறு சிப்பி இங்கே கண்டுபிடிக்கப்பட்டது; குழாய்களை அடைத்துவிடும், படகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்கும் பரவும். அதனால் கிளம்பும்போது படகைக் கழுவி, தண்ணீரை வடித்து, காயவைக்க வேண்டும்.

பாலைவனத்தில் தேங்கிய தண்ணீர் ஊருக்கெல்லாம் பொதுவாகச் சேர்த்து வைத்த சேமிப்பு. அதன் கரையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம், தப்பே இல்லை. அது என்றைக்கும் இதே அளவில் நிற்கும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.