கிளைடு நதியில் பிறந்த காவேரி

நாகப்பட்டினத்தில் வயதானவர்களிடம் கப்பல் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பெயர் 'ரஜுலா'. 1926-ல் கட்டப்பட்ட பயணிகள் கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு, நாகையில் ஆளேற்றிக்கொண்டு, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். கரையில் படகு ஏறி, நடுக்கடலில் நிற்கும் ரஜுலாவில் தொற்றிக்கொண்டுதான் டெல்டாவின் பல குடும்பங்கள் மலாயா பார்த்தன. ஆனால், தங்கள் ஆற்றின் பெயரிலேயே ஒரு போர்க்கப்பல் இருந்தது, அது உலகப் போரிலும் கோவாவிலும் பணியாற்றியது என்றால், டெல்டாவில் பெரும்பாலோர் 'அப்படியா?' என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கப்பலின் பெயர் காவேரி. (ஆற்றைக் காவிரி என்றும் கப்பலைக் காவேரி என்றும் சொல்லிக்கொண்டால் இந்த வாரம் குழப்பம் வராது.)

1943 ஜூன் 15. மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான தேதியான ஜூன் 12 கழிந்து மூன்றாம் நாள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கிளைடு நதிக்கரையில் யாரோ நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்திலிருந்து காவேரி நீரில் இறங்கியது. அக்டோபர் மாதம் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ஏறத்தாழ 300 அடி நீளம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் படுக்கவைத்தால்கூட அதைவிட எண்பது அடிக்கு மேல் நீளம். சுமார் 1,350 டன். நான்கு அங்குல பீரங்கிகள் ஆறு. 'ஸ்லூப்' என்ற வகை. நாசகாரிக் கப்பலுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளலாம். அக்காவின் வேகம் இதற்குக் கிடையாது. ஆனால், சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போய், நீர்மூழ்கிகளைத் தேடி அடிப்பதில் கெட்டிக்காரி.

அதே தளத்தில், அதே ஆண்டு ஏப்ரலில் இறங்கிய இன்னொரு கப்பலின் பெயர் கிருஷ்ணா. நதிநீர் இணைப்பைப் பற்றி இங்கே எத்தனையோ ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கிருஷ்ணாவையும் காவேரியையும் கிளாஸ்கோக்காரர்கள் இரண்டே மாத இடைவெளியில் ஒரே தண்ணீரில் விட்டுவிட்டார்கள்.

'யாரோ' என்பது யாரோ ஒருவர் அல்ல. ஆல்ஃபிரட் யாரோ என்ற பொறியாளரின் பெயர் அது. லண்டனில் 1842-ல் பிறந்தவர். தேம்ஸ் நதிக்கரையில் சின்னச் சின்ன நீராவிப் படகுகள் கட்டித் தொழிலைத் தொடங்கினார். 1875-ல் ஆப்பிரிக்காவின் நியாசா ஏரிக்குப் போகவேண்டிய 'இலாலா' என்ற படகைச் செய்தார். வழியில் ஆறு அருவிகளாக விழும் இடத்தில் படகு போகாது. அதனால் துண்டுத் துண்டாகக் கழற்றும்படி கட்டினார். சுமையாட்கள் துண்டுகளைத் தலையில் சுமந்து மேட்டைத் தாண்டினார்கள். மேலே போய் மறுபடி மாட்டி ஓட்டினார்கள். பெரிய போர்க்கப்பலுக்கு முன்னால் ஆற்றைப் புரிந்துகொண்ட மனிதர் அவர்.

பிறகு டார்பிடோ படகுகள் வந்தன. சின்னப் படகு, பெரிய கப்பலை ஒரே அடியில் மூழ்கடித்துவிடும். அவற்றைத் துரத்திப் பிடிக்க அவற்றைவிட வேகமான கப்பல் வேண்டும் என்று பிரிட்டிஷ் கடற்படை கேட்டது. யாரோ 1893-ல் 'ஹேவக்' என்ற கப்பலைக் கட்டிக் கொடுத்தார். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நாசகாரிக் கப்பல்களில் ஒன்று அது. 'டார்பிடோ படகு நாசகாரி' என்ற நீளமான பெயரில் டார்பிடோ படகு உதிர்ந்துபோய், நாசகாரி மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வேகத்துக்கு வழிசெய்தது பாய்லர். டெல்டாவில் ரைஸ் மில் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாய்லரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உமியைப் போட்டு எரித்து, நீராவி எடுத்து, நெல்லை அவிப்பார்கள். பழைய வகைப் பாய்லரில், தண்ணீர் நிரம்பிய பெரிய உருளைக்குள் குழாய்கள் போகும். குழாய்க்குள் நெருப்புப் புகை ஓடும். கனமான சமாச்சாரம். ஆவி ஏறவும் நேரமாகும். மில்லுக்குப் பரவாயில்லை, அவசரமில்லை. எதிரியைத் துரத்தும் கப்பலுக்கு ஆகுமா? அதனால் சிலர் மாற்றி யோசித்தார்கள். குழாய்க்குள் தண்ணீர், வெளியே நெருப்பு.

இதில் ஒரு சந்தேகம் இருந்தது. சூடான குழாயில் தண்ணீர் மேலே ஏறும், சரி. அது இறங்கி வரவேண்டிய குழாயும் நெருப்பிலேயே இருந்தால் இறங்குமா? இறங்காது, அதை நெருப்புக்கு வெளியே தனியாக வைக்கவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரோ ஒரு எளிய சோதனை செய்தார். 'யு' வடிவக் குழாய் ஒன்று, அதன் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. முதலில் ஒரு பக்கக் குழாயை மட்டும் சூடாக்கினார். தண்ணீர் சுற்ற ஆரம்பித்தது. பிறகு, இறங்குகிற பக்கத்தையும் சூடாக்கினார். நிற்கும் என்று எதிர்பார்த்த சுழற்சி நிற்கவில்லை. இன்னும் வேகம் பிடித்தது!

அவ்வளவுதான். வெளிக்குழாய்கள் தேவையில்லை என்று ஆனது. மேலே ஒரு உருளை, கீழே இரண்டு, நடுவில் நேரான குழாய்கள். இதுதான் யாரோ பாய்லர். பிரிட்டிஷ் கடற்படை பின்னாளில் பயன்படுத்திய மூன்று உருளைப் பாய்லர் இதிலிருந்து வளர்ந்ததுதான். காவேரியை ஓட்டியதும் அந்த வம்சத்துப் பாய்லர்கள்தான். யாரோ 1932-லேயே காலமாகிவிட்டார். ஆக, காவேரிக்கு இரண்டு பெயர்கள். நெற்றியில் ஆற்றின் பெயர், வயிற்றுக்குள் ஒரு கண்டுபிடிப்பாளரின் பெயர்.

காவேரி வந்து சேர்ந்த கடல் அமைதியான கடல் அல்ல. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் குண்டு பார்த்தன. வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. சென்னை பாதி காலியானது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி விளையும் தஞ்சாவூருக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பர்மா அரிசி வராத ஊர்களெல்லாம் திரும்பிப் பார்த்தது டெல்டா நெல்லைத்தான். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. காவேரி நீரில் இறங்கிய ஆண்டு அது.

கப்பல்களுக்குத் துணை போகும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வேலை சரியாக நடந்தால் சொல்ல ஒன்றும் இருக்காது. கூட்டிப் போன கப்பல்கள் பத்திரமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். சரியாக நடக்காதபோதுதான் செய்தி. 1944 பிப்ரவரியில் மாலத்தீவு அருகே 'கெடிவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று அடித்தது. சில நிமிடங்களில் மூழ்கியது. செவிலியர்கள் உட்பட ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் அதற்குக் காவலாக நாசகாரிக் கப்பல்கள் கூடவே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கடலில்தான் காவேரியும் அதன் சகோதரிகளும் போர் முடியும்வரை சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் பெயர் வாங்கியது கோதாவரி. 1944 ஆகஸ்டில் செஷல்ஸ் அருகே, ஒரு பிரிட்டிஷ் கப்பலோடு சேர்ந்து 'யு-198' என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. நர்மதாவும் ஜம்னாவும் 1945-ல் பர்மாவின் அரக்கான் கரையில் பீரங்கி முழங்கின.

போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் வந்தது பிரிவினை. நாட்டைப் பிரித்தபோது மேஜை, நாற்காலி, தட்டச்சு இயந்திரம் எல்லாம் பிரிந்தன என்று படித்திருப்போம். ஆறுகளும் பிரிந்தன, கப்பல் வடிவில். அன்று இருந்த இந்த வகை ஸ்லூப்கள் ஆறு: சட்லெஜ், ஜம்னா, நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா, காவேரி. நான்கு இந்தியாவுக்கு, இரண்டு பாகிஸ்தானுக்கு. பாகிஸ்தானுக்குப் போனவை எவை தெரியுமா? நர்மதாவும் கோதாவரியும்! பாகிஸ்தானுக்குள் ஓடும் சட்லெஜின் பெயர் கொண்ட கப்பல் இந்தியாவிடம் தங்கிவிட்டது. கப்பல்களைப் பிரித்தபோது பெயரை யார் பார்த்தார்கள்? நர்மதாவுக்கு ஜீலம் என்றும் கோதாவரிக்கு சிந்து என்றும் பாகிஸ்தான் புதுப் பெயர் வைத்துக்கொண்டது. கப்பலாவது பெயர் மாற்றிக்கொண்டது. ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிய மாலுமிகள் எந்தக் கொடியின் கீழ் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது.

காவேரி இந்தியாவோடு நின்றது. நின்ற சில வாரங்களிலேயே வேலை வந்தது. ஜுனாகட் சமஸ்தானத்தின் நவாப் பாகிஸ்தானோடு சேர்வதாக அறிவித்திருந்தார். 1947 அக்டோபரில் கிருஷ்ணா, காவேரி, ஜம்னா ஆகியவை தரையிறங்கு படகுகளோடு கத்தியவார் கரைக்குப் போயின. போர்பந்தரில் படைகளை இறக்கினார்கள். சுதந்திர இந்தியக் கடற்படையின் முதல் பெரிய நடவடிக்கை அது. பெரிய சண்டை இல்லை. நவாப் கராச்சிக்குப் போய்விட்டார்.

சண்டை என்று பார்த்தால் 1961 டிசம்பர் 18-தான். கோவாவில் மார்முகோவா துறைமுகத்தின் வாயிலில் மூன்று இந்தியக் கப்பல்கள் காத்து நின்றன. பெட்வா, பியாஸ், காவேரி. மூன்றுமே ஆறுகளின் பெயர். பெட்வாவும் பியாஸும் கடற்படையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத புத்தம் புதுக் கப்பல்கள். காவேரிக்கோ பதினெட்டு வயது. கப்பலுக்கு அது நடுவயதைத் தாண்டிய வயது. எதிரே துறைமுகத்துக்குள் ஒரே ஒரு போர்ச்சுகீசியக் கப்பல். அதன் பெயர் 'அஃபோன்சோ டி அல்புகர்க்'. 1510-ல் கோவாவைப் பிடித்த அதே மனிதரின் பெயர். அந்தக் கப்பலும் இங்கிலாந்தில் கட்டப்பட்டதுதான், 1934-ல்.

நண்பகலில் பெட்வாவும் பியாஸும் உள்ளே நெருங்கிச் சுட ஆரம்பித்தன. சரணடையச் சொல்லி நடுநடுவே மோர்ஸ் குறியீட்டில் செய்தியும் போனது. அஃபோன்சோ சரணடையவில்லை. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து வந்தது. ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில், திரும்ப இடமில்லாத துறைமுகத்துக்குள், தப்ப வழியில்லாமல் அந்தக் கப்பல் சுட்டுக்கொண்டே இருந்ததை இந்தியத் தரப்பும் மரியாதையோடுதான் பதிவு செய்திருக்கிறது. வானொலி இயக்கியவர் இறந்தார். கேப்டன் படுகாயம் அடைந்தார். ஒரு மணி நேரத்துக்குள் கப்பல் பாம்போலிம் கரையில் மணலில் ஏறி நின்றது. அடிபட்ட கேப்டனை மருத்துவமனையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் பெட்வாவின் கேப்டன்.

கரை ஏறிய அஃபோன்சோவுக்கு இந்தியா புதுப் பெயர் வைத்தது. பம்பாய்க்கு இழுத்துப் போய்ப் பழைய இரும்பாக விற்றார்கள்.

காவேரி அதன் பிறகும் ஓடியது. 'சி'யில் தொடங்கிய அதன் ஆங்கில எழுத்து பின்னாளில் 'கே' ஆனது. உச்சரிக்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இளம் மாலுமிகளுக்குக் கடலைப் பழக்கும் பயிற்சிக் கப்பலாக அதன் கடைசிக் காலம் கழிந்தது. 1970-களில் விடைபெற்றது. ரஜுலாவும் அதே பத்தாண்டில்தான் உடைக்கப்பட்டது. ஆனால் ரஜுலாவை நினைத்துப் பார்க்க அதில் ஏறி இறங்கியவர்கள் நாகையிலும் நாகூரிலும் இருந்தார்கள். காவேரியை நினைக்க டெல்டாவில் ஒரு கல்வெட்டுகூட இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்கு மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் விடுகிற ஊரில், அதே பெயரில் கடலில் காவல் காத்த கப்பலைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியாவது சொல்லலாம்.

பெயர் மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது. 1980-களின் இறுதியில் தேஜஸ் போர் விமானத்துக்காகப் பெங்களூருவில் ஒரு ஜெட் இன்ஜினை உருவாக்கத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் காவேரி. பெங்களூருவில் செய்யும் பொருளுக்கு இந்தப் பெயர் வைத்ததில் சண்டை எதுவும் வரவில்லை என்பது ஆறுதல். தேஜஸ் கடைசியில் அமெரிக்க இன்ஜினோடுதான் பறந்தது. ஆனால் அந்தக் காவேரியிலிருந்து போர்க்கப்பல்களுக்கான ஒரு கடல் இன்ஜினையும் உருவாக்கி, விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் வைத்து ஓட்டிச் சோதித்தார்கள். அது எரிவாயுச் சுழலி வகை. அதில் பாய்லர் கிடையாது, ஆவியாக்கத் தண்ணீரும் வேண்டாம்.