நடக்க வேண்டியது கடதாசியே

1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களுக்கு அதிகாரங்களைப் பாரப்படுத்தியது. கிராமத்து மக்கள் ஒவ்வொரு அலுவலுக்கும் கச்சேரி வரை போகத் தேவையில்லை என்று அப்போது எல்லோரும் மகிழ்ந்தோம். பெயர்ப்பலகை மாறி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் நம்மவர் பலர் இன்றும் "ஏ.ஜி.ஏ. கந்தோர்" என்றே சொல்கிறார்கள். பழைய பெயரைப் போலவே பழைய அலைச்சலும் விட்டுப்போகவில்லை.

இந்த அலைச்சல் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துக்கு இரண்டு மடங்கு. காணி ஒரு பிரிவில், இருப்பு இன்னொரு பிரிவில். சொந்த ஊர் விதானையார், "நீங்கள் இப்போது என் பிரிவில் இல்லையே" என்பார். இருக்கும் இடத்து விதானையார், "உங்கள் பதிவு அங்கேதானே" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கந்தோர்களுக்கும் இடையில் பஸ் ஏறி இறங்குபவர் அன்றைய கூலியை இழந்த ஒரு தாயாகவே பெரும்பாலும் இருக்கிறார். காணி பற்றிய ஒரு உறுதிப்படுத்தற் கடிதம் ஐப்பசி மழைக்கு முன் கைக்கு வந்தால் காலபோகத்துக்கு உதவும். மார்கழியில் வந்தால் அதைப் பெட்டிக்குள் வைக்கலாம், அவ்வளவுதான்.

உத்தியோகத்தர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. அது நியாயமல்ல. 2023 யூலையிலிருந்து அஸ்வெசும கொடுப்பனவு நடைமுறைக்கு வந்தபோது நாடு முழுவதிலுமிருந்து ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. வழமையான வேலை ஒன்றும் குறையாமலே அந்தச் சுமையும் கந்தோர்களின் தலையில் விழுந்தது. மேலும், ஒரு கையெழுத்துத் தவறினால் நாளைக்குக் கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த எழுதுவினைஞர்தான். அவர் இன்னொரு கடிதம் கேட்பது அனேகமாக அந்தப் பயத்தினாலேயே.

ஆட்கள் போதாது என்ற பேச்சையும் நான் முழுதாக ஏற்கமாட்டேன். 2020 இல் மட்டும் பல்லாயிரம் பட்டதாரிகள் பயிலுனர்களாக அரச கந்தோர்களில் சேர்க்கப்பட்டனர். ஒரு மேசையில் கோவைகள் கழுத்தளவு இருக்க, பக்கத்து மேசையில் படித்த பிள்ளை ஒன்று வேலை தரப்படாமல் இருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். குறை வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. ஒரு விடயம் ஒருவருக்கே உரியது. அவருடைய அலுமாரித் திறப்பும் அவரிடமே. அவர் லீவென்றால் கோவையும் லீவு. "நாளைக்கு வாருங்கள்" என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. ஒவ்வொரு விடயத்துக்கும் பெயர் குறித்து இரண்டாவது உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தால் இந்தச் சொல்லில் பாதி ஒழிந்துபோகும். இதற்குப் புதிய கட்டிடமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை.

அடுத்தது வாசல் மேசை. அங்கே வழி காட்டுபவர் மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பத்தை வாங்கி, எல்லாக் கடதாசியும் உண்டா என்று அந்த இடத்திலேயே பார்த்து, குறைவு இருந்தால் அனைத்தையும் ஒரே தடவையில் சொல்லி, இலக்கமும் திகதியும் இட்ட துண்டு ஒன்றைத் தரக்கூடிய அனுபவசாலி அங்கே இருக்க வேண்டும். பல இடங்களில் புதிதாக வந்தவரைத்தான் அங்கே இருத்துகிறார்கள். மூன்றாம் தடவை போனபோது மூன்றாவது கடதாசி கேட்கப்பட்ட கதை எந்தக் குடும்பத்தில் இல்லை?

எல்லாவற்றிலும் முக்கியமானது, இரு பிரிவுகளுக்கிடையிலான உறுதிப்படுத்தலைக் கந்தோர்களே தமக்குள் கேட்டு எடுக்க வேண்டும் என்பது. அவர்களிடம் தொலைபேசி உண்டு, தபால் உண்டு, இன்று கணினியும் உண்டு. யுத்த காலத்தில் தாமும் இடம்பெயர்ந்து, பதிவேட்டைக் காவிக்கொண்டு தம் சனத்தைத் தேடிப் பதிந்த விதானைமாரை நாம் கண்டிருக்கிறோம். அந்த நாளில் செய்ய முடிந்தது இன்று முடியாது என்றால் யார் நம்புவார்?

இவை நடக்கும்வரை நாமும் கைகட்டி இருக்கத் தேவையில்லை. கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரதி ஒன்றும் திகதியும் வைத்திருங்கள். பல மாதம் பதில் இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "எனது கோவை இப்போது யாரிடம், எந்த நிலையில் உள்ளது?" என்று எழுத்தில் கேளுங்கள். கந்தோரின் தகவல் உத்தியோகத்தர் கோரிக்கையைப் பெற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவும் வேண்டும். பலர் சேர்ந்து கேட்டால் எந்த மேசையில் தேக்கம் என்பது பிரதேச செயலாளருக்கே தெரியவரும். நல்ல செயலாளர் அதை விரும்புவார்.

இரண்டாவது உத்தியோகத்தர், வாசல் மேசை, கந்தோருக்குக் கந்தோர் கடிதம் ஆகிய மூன்றையும் கமக்காரர் அமைப்புகள் எழுத்தில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குக் கொண்டுபோகலாம். காலபோகத்துக்கு முந்திய கூட்டமே தோதானது. மழை தொடங்கிவிட்டால் கூட்டத்துக்குப் போக ஒருவருக்கும் நேரம் இராது.