திருத்தப்படும் படங்களும் பலவீனமாகும் சாட்சியங்களும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது முன்னோர் மொழி. எனினும் புகைப்படக் கலை தோன்றிய நாள் முதல், படத்தில் காண்பதையாவது நம்பலாம் என்ற எண்ணம் மக்கள் மனதில் ஆழமாக வேரூன்றியிருந்தது. நீதிமன்றங்கள் படங்களைச் சான்றாக ஏற்றன. பத்திரிகைகள் தாம் எழுதியவற்றுக்கு அவற்றையே ஆதாரமாக வெளியிட்டன. 1990ஆம் ஆண்டில் போட்டோஷொப் மென்பொருள் விற்பனைக்கு வந்ததும், பின்னர் டிஜிட்டல் கமராக்கள் பரவியதும் அந்த நம்பிக்கையை அசைத்தன. செயற்கை நுண்ணறிவு அதனை வேரோடு பிடுங்கிவிடுமோ என்ற அச்சம் இப்போது எழுந்துள்ளது. இந்நிலையில், படத்தைத் திருத்துவது எதுவரை நியாயமானது, எங்கே அது மோசடியாகின்றது என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. திருத்தமே செய்யப்படாத டிஜிட்டல் படம் என்று ஒன்று கிடையாது. சாதாரண டிஜிட்டல் கமராவின் உணரி, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத்தின் அளவை மாத்திரமே பதிவு செய்கின்றது. ஏனைய இரண்டையும் அயலிலுள்ள புள்ளிகளைக் கொண்டு கமராவே கணித்து நிரப்புகின்றது. படச்சுருள் காலத்திலும், இருட்டறையில் ஓரிடத்தை வெளிறச் செய்வதும் மற்றோரிடத்தைக் கருமையாக்குவதும் வழமையாகவே இருந்தன. ஆகவே, கமராவின் முன் இருந்ததைத் தெளிவாகக் காட்டுவதற்குத் திருத்தினார்களா, இல்லாததைக் காட்டுவதற்குத் திருத்தினார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

சர்வதேச செய்தி முகவரகங்கள் இந்த எல்லையைத் தமது விதிகளில் வகுத்துள்ளன. படத்தின் ஓரங்களை வெட்டலாம். ஒளியையும் நிறத்தையும் அளவோடு சீர்செய்யலாம். உணரியில் படிந்த தூசியின் தடத்தை அகற்றலாம். ஆனால் படத்தில் உள்ள எதனையும் நீக்கவோ, இல்லாத எதனையும் சேர்க்கவோ கூடாது. 2003ஆம் ஆண்டு ஈராக்கின் பஸ்ரா நகருக்கு அருகே, லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் பிரையன் வோல்ஸ்கி, சில கணங்கள் இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒன்றாக இணைத்தார். ஒரு படத்திலிருந்து பிரித்தானியச் சிப்பாயையும், மற்றதிலிருந்து குழந்தையைத் தூக்கி நின்ற ஈராக்கியரையும் எடுத்து ஒரே காட்சியாக்கினார். பின்னணியில் இருந்த சிலர் இருமுறை தோன்றியதால் உண்மை வெளிப்பட்டது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

எதனையும் சேர்க்காமல், நீக்காமல், நிறத்தை மாற்றுவதன் மூலமும் அநீதி இழைக்கலாம். 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொலைக் குற்றச்சாட்டில் கைதான அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் பொலிஸ் படத்தை டைம் சஞ்சிகை மேலும் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை நியூஸ்வீக் சஞ்சிகை மாற்றமின்றி வெளியிட்டிருந்தமையால் வேறுபாடு அப்பட்டமாகத் தெரிந்தது. விசாரணை முடியும் முன்னரே நிறத்தைக் கொண்டு தீர்ப்பளித்துவிட்டார்கள் என்ற கண்டனம் எழுந்தது.

ஆயினும் எமது கவனத்துக்குரிய மிகப் பெரிய பாடம் லெபனானிலிருந்தே வந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், இஸ்ரேலியத் தாக்குதல்கள் தீவிரமாக நடைபெற்ற வேளை, ரொய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய சுயாதீனப் படப்பிடிப்பாளர் அத்னான் ஹஜ், குண்டுவீச்சுக்கு இலக்கான பெய்ரூட்டின் படமொன்றை அனுப்பினார். அதிலிருந்த புகையின் ஒரு பகுதி மென்பொருளால் பிரதிசெய்யப்பட்டு, மீண்டும் மீண்டும் ஒட்டப்பட்டிருந்தது. ஒரே வடிவிலான புகைச் சுருள்கள் திரும்பத் திரும்பத் தோன்றுவதை இணையத்தில் எழுதுவோர் கண்டுபிடித்தனர். போர் விமானத்திலிருந்து விழுந்த ஒரேயொரு ஒளிச்சுடரை மூன்றாகப் பெருக்கிக் காட்டிய இன்னொரு படமும் அகப்பட்டது. தூசித் தடத்தை நீக்க முயன்றதாக அவர் கூறிய விளக்கம் ஏற்கப்படவில்லை. ரொய்ட்டர்ஸ் அவருடனான தொடர்பைத் துண்டித்து, அவரது 920 படங்களையும் தனது சேமிப்பகத்திலிருந்து விலக்கியது.

பெய்ரூட்டில் குண்டு விழுந்தது உண்மை. புகை எழுந்தது உண்மை. அந்தப் போரில் ஆயிரத்துக்கும் அதிகமான லெபனானியர் மாண்டதும் உண்மை. உண்மையே இவ்வளவு கொடியதாக இருக்கையில், அதன்மீது பொய்ப் புகையைச் சேர்க்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. ஆனால் விளைவு விபரீதமாகியது. அந்த ஆண்டு ஜூலை 30ஆம் திகதி கானா கிராமத்தில் குண்டுவீசப்பட்ட கட்டடத்தில் 28 பேர் உயிரிழந்ததையும், அவர்களில் 16 பேர் சிறுவர்கள் என்பதையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் உறுதிப்படுத்தியிருந்தது. கானாவின் படங்களை நாடகம் என்று தூற்றியவர்களுக்கு, பெய்ரூட் படத்தில் ஒட்டப்பட்ட புகை கைக்கெட்டிய ஆயுதமாயிற்று. அம்பலமான மோசடி இரண்டு படங்களில். மதிப்பிழந்தவையோ 920. பாதிக்கப்பட்ட மக்களுக்கு இதனால் ஏற்பட்ட நட்டத்தை எந்த மன்னிப்பும் ஈடுசெய்யப் போவதில்லை.

இதன் மறுபக்கத்தை எமது நாட்டில் நாமே கண்டிருக்கின்றோம். 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கைகள் கட்டப்பட்ட நிலையில் ஆண்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியொன்றைப் பிரித்தானியாவின் செனல்-4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. அது போலியானது என அரசாங்கம் அறிவித்தது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், சுயாதீன நிபுணர்கள் மூவரின் அறிக்கைகள் அக்காணொளி உண்மையானது என்பதையே வலுவாகச் சுட்டுவதாக ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் தெரிவித்தார். போலி என்று சொல்வதற்கு ஒரு வசனம் போதும். அதனை மறுப்பதற்கு மாதங்களும் நிபுணர்களும் தேவைப்படுகின்றனர். படங்களைத் திரிப்பது எளிதாக எளிதாக, மறுப்பதும் எளிதாகின்றது.

ஒரு புள்ளியையும் மாற்றாமல் படத்தைப் பொய்யாக்கவும் முடியும். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், 2019 ஏப்ரலில் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களுள், இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க முஸ்லிம் மாணவி ஒருவரின் படமும் இடம்பெற்றிருந்தது. பொலிஸார் பின்னர் தவறை ஒப்புக்கொண்டனர். அதற்குள் அப்படம் எங்கும் பரவியிருந்தது. படத்தின் கீழ் எழுதப்படும் பெயரும் திருத்தத்தின் ஒரு பகுதியே என்பதை இச்சம்பவம் உணர்த்துகின்றது.

2023ஆம் ஆண்டில் போட்டோஷொப்பிலேயே செயற்கை நுண்ணறிவு இணைக்கப்பட்டது. சில சொற்களைத் தட்டச்சு செய்தால், இல்லாத பொருள் படத்தில் தோன்றுகின்றது. 2024 மார்ச்சில், பிரித்தானிய இளவரசி கேத்தரின் பிள்ளைகளுடன் இருக்கும் படம் திருத்தப்பட்டிருந்தமையால், முன்னணி முகவரகங்கள் அதனை மீளப்பெற்றன. அரண்மனையின் குடும்பப் படத்துக்கே காட்டப்பட்ட இந்தக் கண்டிப்பு, போர்க்களப் படங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படம் எங்கே பிறந்தது, என்னென்ன மாற்றங்களுக்கு உள்ளானது என்பதைக் கோப்பினுள்ளேயே பதிவு செய்யும் முறையும் வந்துள்ளது. 2023 ஒக்டோபரில் லைக்கா நிறுவனம் அவ்வசதியுடன் கமராவொன்றை வெளியிட்டது. ஆனால் சமூக வலைத்தளங்களில் பகிரப்படும்போது இப்பதிவுகள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. எனவே தொழில்நுட்பத்தை மாத்திரம் நம்பியிருக்க இயலாது.

ஊடகங்கள் மூலப் படத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டும். கேள்வி எழும்போது அதனைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும். தமது தரப்புக்குச் சாதகமான படத்தையே முதலில் சந்தேகிக்கும் துணிவும் அவற்றுக்கு வேண்டும். வாசகர்களும் தமது கையடக்கத் தொலைபேசிக்கு வரும் படத்தை, கோபத்தைக் கிளறுகின்றது என்பதற்காக உடனே பிறருக்கு அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி அன்னையர் வீதியோரங்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்துள்ளனர். அவர்களில் பலரிடம் எஞ்சியிருக்கும் சாட்சியம் அந்தப் படம் மாத்திரமே. படங்களை எவரும் நம்பாத ஒரு காலத்தை உருவாக்கிவிட்டு, அந்த அன்னையருக்கு நீதி பெற்றுத்தருவோம் என்று கூறும் தகுதி எவருக்கும் இருக்காது என்பதை அழுத்தமாகச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.